1882 பென்னியில் 'எச்' எழுத்து தென்படவில்லை: அரிய வகையா, வெறும் தேய்மானமா?

கேள்வி:
பர்மிங்காமில் பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் விக்டோரியா காலத்து வெண்கலப் பென்னிகள் சிலவற்றை மொத்தமாக வாங்கினேன். அவற்றுள் 1882 ஆம் ஆண்டு நாணயம் ஒன்றில், ஆண்டு எண்ணுக்குக் கீழே இருக்கவேண்டிய 'எச்' எழுத்து என் கண்ணுக்குத் தெரியவில்லை. அரசியின் கூந்தல் இழைகள் பெரும்பாலும் மழுங்கிவிட்டன. பின்பக்கத்தில் பிரிட்டனின் உருவகமாக அமர்ந்திருக்கும் பெண்ணான பிரிட்டானியாவின் காலடியில் பச்சைக் களிம்பும் ஏறியிருக்கிறது. எடை 9.1 கிராம். எழுத்தில்லாத 1882 மிக அரிது என்று கேள்விப்பட்டிருப்பதால், புளி தேய்த்துக் களிம்பை நீக்கிவிட்டுப் பார்க்கலாமா என்று எண்ணுகிறேன். அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1:
முதலில் புளியை எடுத்து வைத்துவிடுங்கள், ஐயா. குத்துவிளக்குக்கு அது சரி. ஆனால் நூறாண்டுகளுக்கு மேலாகப் படிந்த பழுப்பு நிறத்தை அந்த அமிலம் அரித்துவிட்டால், நாணயம் செம்பாகப் பளபளக்குமே தவிர, சேகரிப்பவர் எவரும் அதை விரும்பமாட்டார். அசிட்டோனில் சிறிது நேரம் ஊறவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். களிம்பு அதில் கரையாது. அதை எண்ணெயில் ஊறவைத்து, மரக்குச்சியால் மெதுவாக நெகிழ்த்தலாம்.

எழுத்தைப் பற்றி: 1882 இல் லண்டன் டவர் ஹில் நாணயச்சாலையில் இயந்திரங்கள் புதுப்பிக்கப்பட்டதால், பென்னி அடிக்கும் பணி பர்மிங்காமிலிருந்த ஹீட்டன் நிறுவனத்துக்குச் சென்றது. அவர்கள் அடித்த 75 லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்களில் நிறுவனப் பெயரின் ஆங்கில முதலெழுத்தான அந்த 'எச்' உண்டு. ஆகவே உங்கள் கையிலிருப்பது அவற்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. எழுத்து சிறியது, விளிம்பை ஒட்டியது. அதனால் தேய்ந்து போவதும் உண்டு, அச்சில் அழுக்கு அடைத்துக்கொண்டு சரியாகப் பதியாமல் போவதும் உண்டு.

பதில் 2:
மேலே சொன்னதோடு மூன்றாவது காரணம் ஒன்றையும் சேர்க்கவேண்டும்: விலையை ஏற்றுவதற்காக எழுத்தைச் சுரண்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பத்து மடங்கு உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, நாணயத்தை மெல்லச் சுழற்றுங்கள். இரண்டு எட்டுகளுக்கும் கீழேயுள்ள பரப்பு சுற்றுப்புறத்தைவிடச் சற்றுக் குழிந்தோ, நிறம் மாறியோ, ஒரே திசையில் கீறல்களோடோ இருந்தால் அது கைவேலை. நிழலாக ஒரு கோடு எழும்பினாலும் அது ஹீட்டன் நாணயமே.

எதுவும் தெரியாமற்போனாலும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எழுத்தில்லாத உண்மையான வகையை ஃப்ரீமன் 112 என்று, அதாவது பிரிட்டிஷ் வெண்கல நாணயங்களுக்கு ஃப்ரீமன் தொகுத்த பட்டியலின் எண்ணால், குறிப்பிடுவர். எழுத்து இல்லை என்ற ஒன்றை மட்டும் கொண்டு அதை ஏற்பதில்லை, முன்பக்க, பின்பக்க அச்சுகளின் நுண்ணிய அடையாளங்களும் அதனோடு ஒத்துப்போக வேண்டும். ஆண்டு எண்ணே மழுங்கிய நாணயத்தில் அந்த ஒப்பீட்டைச் செய்ய இயலாது என்பது என் கருத்து. புதிதில் ஏறத்தாழ 9.4 கிராம் இருந்திருக்கும் என்பதால், உங்கள் 9.1 தேய்மானத்தின் பக்கமே சாய்கிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கைவிளக்கைப் படுக்கைவசமாகப் பிடித்துப் பார்த்தபோது, முதல் எட்டுக்குச் சற்று வலப்புறமாக, 'எச்'சின் இடது கால் மட்டும் மயிரிழைபோல் தெரிந்தது. சுற்றிலும் கீறல் ஏதுமில்லை. ஹீட்டன் நாணயம் என்றே குறித்துக்கொண்டேன். அதே தொகுப்பில் 1875 பென்னிகள் இரண்டும் 1876 ஒன்றும் உள்ளன. அவற்றிலும் இதைப் பார்க்கவேண்டுமா?

பதில் 2:
1876 எல்லாமே ஹீட்டன் அடித்தவை; அதில் தேடிப் பயனில்லை. 1875 இல் நிலை தலைகீழ்: லண்டனில் அடித்த எழுத்தில்லாதவை ஏராளம், எழுத்துள்ளவையே குறைவு. அவ்விரண்டையும் அதே விளக்கின்கீழ் பொறுமையாகப் பாருங்கள். 'எச்' தெரிந்தால், களிம்பைத் தொடுவதற்கு முன் தெளிவாகப் படமெடுத்து இங்கே இடுங்கள்.