16 இஞ்ச் அலாய் மாட்டியதிலிருந்து முன் வீல் உள்ளே உரசுகிறது, எத்தனை மி.மீ. ஸ்பேசர் போடலாம்?

ராயபுரம்_ஸ்விஃப்ட்:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2019 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல். கம்பெனியில் வந்தது ஸ்டீல் ரிம், 165/80 ஆர்14 டயர். புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்டில் நாலு 16 இஞ்ச் அலாய் எடுத்து மாட்டியிருக்கிறேன். ரிம்மின் பின்பக்கம் 7ஜே (ரிம் அகலம் 7 இஞ்ச்), ஈடி 45 (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் 45 மி.மீ. வெளியே) என்று வார்ப்பிலேயே இருக்கிறது. எட்டு ஓட்டை, அதாவது 4x100, 4x108 (நாலு ஓட்டை, அவை இருக்கிற வட்டத்தின் விட்டம் 100 அல்லது 108 மி.மீ.) இரண்டுக்கும் பொதுவானது. டயர் 205/55 ஆர்16, நல்ல நிலையில் இருக்கிறது.

பிரச்சினை முன்பக்கம்தான். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஓடி ஓடி விழுந்த பள்ளங்களில் இறங்கி ஏறும்போதும், வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பும்போதும் உள்ளிருந்து சர்ரென்று சத்தம். வீட்டுச் சந்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தாலும் சத்தம் வருகிறது. கழற்றிப் பார்த்தால் டயரின் உள்பக்கச் சுவரில் சுற்றிலும் பளபளவென்று ஒரு கோடு, ஷாக் அப்சார்பர் குழாயில் அதே உயரத்தில் பெயிண்ட் போய் இரும்பு தெரிகிறது. இது போக மாதவரம் தாண்டி ரெட்ஹில்ஸ் பக்கம் 80க்கு மேல் போனால் ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். பாலன்சிங் செய்தாகிவிட்டது, போகவில்லை.

கடையில் 10 மி.மீ. ஸ்பேசர், அதாவது வீலுக்கும் அதைத் தாங்குகிற ஹப்புக்கும் நடுவில் வைக்கிற தட்டு, போட்டால் எல்லாம் சரியாகிவிடும், பழைய ஸ்டட்டே (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டு நட் ஏறுகிற மரைக் கம்பி) போதும், அரை மணி நேர வேலை என்கிறார்கள். வண்டியில் அம்மாவும் குழந்தையும் வருவார்கள், அதனால்தான் போடுவதற்கு முன் கேட்கிறேன். 5 போதுமா, 10 வேண்டுமா, என்ன மாதிரி வாங்க வேண்டும்?

பெரம்பூர்_ஐ20:

ப்ரோ, ஸ்பேசர் என்றாலே பயப்பட வேண்டாம். என் பழைய ஐ20யில் பின்பக்கம் 20 மி.மீ. போல்ட்-ஆன் போட்டு நன்றாகவே ஓடுகிறது. ஆனால் கடைக்காரர் சொல்கிற தட்டு மாதிரி ஸ்பேசர் வேண்டாம். தனி ஸ்டட்டோடு வருகிற போல்ட்-ஆன் வகையை எடுங்கள், அது ஹப்பில் தனியாக முடுக்கப்படும், அதன் மேல் வீல். என்னிடம் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது. பி.சி.டி. (ஸ்டட் ஓட்டைகள் இருக்கிற வட்டத்தின் விட்டம்) 4x100, நடு ஓட்டை 54.1, உங்கள் ஸ்விஃப்ட்டுக்கும் அதே அளவுதான். வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

மூலக்கடை_வீல்வேலை:

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். ஸ்பேசர் வாங்கும் முன்னால் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று கோளாறு இருக்கிறது, மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

முதலில் ஷாக் அப்சார்பர் உரசல். உங்கள் வண்டியில் முன்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வீலோடு சேர்ந்து ஷாக் அப்சார்பரும் திரும்பும். அதனால் டயருக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஸ்டியரிங் ஒடித்தாலும் ஒடிக்காவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான். பள்ளத்திலும் வளைவிலும் டயர் நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கும்போது அங்கே உரசுகிறது. இதற்குக் காரணம் டயர் உள்ளே அதிகம் வந்திருப்பது. ஸ்பேசர் போட்டால் இது தீரும், அதில் சந்தேகமில்லை.

ஆனால் முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் சத்தம் அங்கிருந்து வந்திருக்க வாய்ப்பு குறைவு. மட்கார்டு உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் லைனரைக் கழற்றாமலே டார்ச் அடித்துப் பாருங்கள், முன் மூலையிலோ பின் மூலையிலோ தேய்ந்த தடம் இருக்கும். உங்கள் பழைய டயரின் உயரம் சுமார் 620 மி.மீ., 205/55 ஆர்16 சுமார் 632. டயர் உயர்ந்திருக்கிறது, அகலமும் கூடியிருக்கிறது. ஸ்பேசர் போட்டு வீலை வெளியே தள்ளினால், ஸ்டியரிங் ஒடிக்கும்போது டயர் இன்னும் பெரிய வட்டம் அடிக்கும், லைனரில் இன்னும் அழுத்தமாக உரசும். உள்ளே இருக்கிற வலியை எடுத்து வெளியே வைக்கிற வேலை அது.

மூன்றாவது, 80க்கு மேல் நடுக்கம். அலாயின் நடு ஓட்டையை அளந்து சொல்லுங்கள். வெளியில் விற்கிற அலாய்கள் பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று 73.1, 67.1 என்று பெரிதாகவே துளைத்திருப்பார்கள், உங்கள் ஹப் 54.1. நடுவில் ஹப் ரிங், அதாவது அந்த இடைவெளியை அடைக்கிற வளையம், இல்லையென்றால் வீல் நட்டின் பிடியில் மட்டும் உட்காரும், துளி மையம் விலகினாலும் வேகத்தில் நடுங்கும். பாலன்சிங் மெஷினில் வீல் கூம்பில் மையமாக உட்கார்ந்து சுற்றுவதால் அங்கே ஒன்றும் காட்டாது.

இப்போது ஸ்டட். ஒரு வீலை ஜாக்கியில் தூக்கி, ஒரு நட்டை லேசாகத் தளர்த்தி, அங்கிருந்து அது முழுக்கக் கையில் வரும்வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். மாருதி ஸ்டட் 12 மி.மீ. தடிமன், மரை 1.25, அதாவது ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. ஏறும். ஸ்டட் எவ்வளவு தடிமனோ அவ்வளவு ஆழமாவது நட் ஏறியிருக்க வேண்டும் என்பதுதான் நாங்கள் வைத்திருக்கிற கணக்கு, உங்களுக்கு அது ஒன்பதரைச் சுற்று. எண்ணிச் சொல்லுங்கள், மிச்சத்தைப் பேசலாம்.

பெரம்பூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் மனசு பெரிது, ஆனால் அந்த ஜோடியை ஸ்விஃப்ட்டுக்குக் கொடுக்காதீர்கள். ஹூண்டாய் மரை 1.5, மாருதி 1.25. பி.சி.டி.யும் நடு ஓட்டையும் ஒன்றாக இருப்பதால் சரியாக உட்காரும், 1.5 நட்டை 1.25 ஸ்டட்டில் கன் வைத்து ஏற்றினால் இரண்டு சுற்று ஏறி மரையைச் சீவிவிடும். முடுங்கிவிட்டது போலவே கைக்குத் தெரியும்.

ராயபுரம்_ஸ்விஃப்ட்:

அண்ணா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். லைனரில் பின் மூலையில், பம்பர் பக்கம் இல்லாமல் கதவுப் பக்கம், கையளவுக்குத் தேய்ந்து கிடக்கிறது. இடது வலது இரண்டிலும் இருக்கிறது. அலாயின் நடு ஓட்டை வெர்னியரில் 73 வருகிறது, ரிங் எதுவும் இல்லை. நட்டு பத்துச் சுற்று, நாலு ஸ்டட்டிலும் அதேதான். டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவில் ஒரு மி.மீ. கூட இல்லை, தபால் அட்டையை மடித்தால் நுழையவில்லை.

பெரம்பூர் ப்ரோ, கேட்காமலே தர வந்ததற்கு நன்றி. மரை வேறு என்பது எனக்குத் தெரியாத விஷயம்.

அப்போ அண்ணா, 5 மி.மீ. போட்டால் ஆறு சுற்றுதான் மிஞ்சுமா?

மூலக்கடை_வீல்வேலை:

ஆமாம். 5 மி.மீ. போட்டால் நாலு சுற்று போகும், ஆறு மிஞ்சும். கடையில் சொன்ன 10 போட்டால் எட்டு போய் இரண்டு மிஞ்சும். இரண்டு சுற்றில் நிற்கிற நட்டை நம்பிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு எண்ணூர் ரோட்டில் போக முடியுமா? அதைப் பழைய ஸ்டட்டிலேயே போடலாம் என்று சொன்னவர் சுற்றை எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வீல் எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் இது புரியும். ஸ்டட்டின் மேல் வீல் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. நட் இழுத்துப் பிடிக்கிற இழுவையில் ரிம்மின் முகமும் ஹப்பின் முகமும் ஒட்டிக்கொள்கின்றன, அந்த உராய்வுதான் வண்டியின் பாரத்தையும் பிரேக்கையும் தாங்குகிறது. மரை போதாமல் இழுவை குறைந்தாலோ, நடுவில் வைக்கிற தட்டு சமமாக இல்லாமலோ துரு ஏறியோ இருந்தாலோ வீல் மயிரிழை அசைய ஆரம்பிக்கும், அப்போதுதான் ஸ்டட் வளைந்து வளைந்து வெட்டிக்கொண்டு போகும். ரோட்டில் வீல் தனியாக ஓடுவதெல்லாம் இப்படித்தான்.

தட்டு ஸ்பேசரில் இன்னொன்றும் இருக்கிறது. ஹப்பின் நடுவில் வீலை மையப்படுத்த ஒரு சின்ன விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். 5 மி.மீ. தட்டு அந்த விளிம்பைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அப்புறம் ஹப் ரிங் வாங்கினாலும் அது உட்கார இடமிருக்காது, நடுக்கம் நடுக்கமாகவே இருக்கும். தன்மேலேயே ஒரு விளிம்பு கடைந்த ஹப்-சென்ட்ரிக் ஸ்பேசராக இருந்தால்தான் சரி. அதோடு நீள ஸ்டட் மாற்ற வேண்டும், பழையதைத் தட்டி எடுத்து, பின்னாலிருந்து பிரெஸ்ஸில் ஏற்ற வேண்டும், கழுத்தில் இருக்கிற பல் அளவு கம்பெனி ஸ்டட்டோடு ஒத்துப்போக வேண்டும். நட் மூடி வைத்த மாதிரி இருந்தால் நீள ஸ்டட்டின் நுனி உள்ளே முட்டிக்கொண்டு நிற்கும், ரிம் முடுங்கியிருக்காது. திறந்த நட் போடுங்கள்.

போல்ட்-ஆன் வகை இந்தச் சிக்கலில்லாதது என்பது உண்மை. ஆனால் ஹப்பில் இருக்கிற பழைய ஸ்டட் அதன் முகத்துக்கு வெளியே நீட்டக் கூடாது. அதனால் பெரும்பாலும் 20 மி.மீ., அதற்கு மேல்தான் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது 5. இருபது போட்டால் முன் வீல் மட்கார்டுக்கு வெளியே வந்து நிற்கும், லைனர் கிழியும், பள்ளத்தில் ஸ்டியரிங் கையை உதறும், பேரிங்குக்கும் பாரம் கூடும். பெரம்பூர்த் தம்பி பின்பக்கம் போட்டிருப்பது வேறு கதை, அங்கே வீல் திரும்புவதில்லை.

என் யோசனை, ஸ்பேசரைத் தொடாதீர்கள். டயரை மாற்றுங்கள். 195/55 ஆர்16 போட்டால் உயரம் சுமார் 621, உங்கள் ஸ்பீடோமீட்டரும் பழையபடி சரியாகக் காட்டும். ஒரு பக்கத்துக்கு நாலைந்து மி.மீ. உள்ளேயும் கிடைக்கும் வெளியேயும் கிடைக்கும். ஷாக் அப்சார்பர் பக்கமும் லைனர் பக்கமும் ஒரே செலவில் இடம் வருகிறது. 7ஜே ரிம்முக்கு 195 கடைசி எல்லை, அதற்குக் கீழே போகக் கூடாது. லோட் இன்டெக்ஸ் பார்த்து வாங்குங்கள். 87 என்று போட்டிருந்தால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், உங்கள் காருக்கு அது போதும். கூடவே 73.1-54.1 ஹப் ரிங் நாலு.

திருவொற்றியூர்_டிரைவர்:

கடலோரம் வண்டி நிறுத்துகிறவர்கள் இதையும் கவனியுங்கள். எங்கள் பக்கமும் காசிமேடு பக்கமும் உப்புக் காற்று. அலுமினிய ஸ்பேசரும் இரும்பு ஹப்பும் ஈரத்தோடு சேர்ந்திருந்தால் வெள்ளையாகப் பூத்து இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். என் வண்டியில் ஸ்பேசரைக் கழற்ற சுத்தியல் எடுக்க வேண்டியதாகிவிட்டது. போடுகிறவர்கள் ஹப்பைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

கொளத்தூர்_வாசகர்:

சட்டப்படி என்ன என்பதையும் சொல்லிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆவது பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வீல் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போலீஸ் கண்ணில் முதலில் படுவது அதுதான். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் கேள்வி கேட்பார்கள். 16 இஞ்ச் அலாய் போட்டதையே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

பெரம்பூர்_ஐ20:

மூலக்கடை அண்ணா, பின்பக்கத்துக்கு என்னுடையது பரவாயில்லையா? ஸ்பேசரை ஹப்போடு பிடிக்கிற உள் நட்டைச் சரிபார்த்து நாளாகிறது.

மூலக்கடை_வீல்வேலை:

வீலைக் கழற்றினால்தான் உள் நட் தெரியும், அதனால்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இந்த ஞாயிறே கழற்றி, கையேட்டில் போட்டிருக்கிற அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்குங்கள். 100 கி.மீ. ஓட்டியதும் மறுபடி ஒருமுறை. இம்பேக்ட் கன்னால் முடுக்கி விட்டுவிடாதீர்கள்.

ராயபுரம்_ஸ்விஃப்ட்:

195/55 மாற்றியாகிவிட்டது. ஜி.பி. ரோட்டில் 205ஐ எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள். ஹப் ரிங்கும் போட்டாச்சு, கையால் தட்டியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஷாக் அப்சார்பர் பக்கம் இப்போது 5 மி.மீ. இடைவெளி. பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றி இறக்கினேன். குழாயில் ஒயிட்னர் தடவியிருந்தேன், அது அப்படியே இருக்கிறது. லைனரிலும் புதுத் தடம் இல்லை. ரெட்ஹில்ஸ் ரோட்டில் ஸ்டியரிங் நடுக்கமும் போய்விட்டது. அண்ணா, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம் மட்டும், ஸ்டெப்னி இன்னும் அந்தப் பழைய 14 இஞ்ச் ஸ்டீல் ரிம்தான். பரவாயில்லையா?

மூலக்கடை_வீல்வேலை:

பரவாயில்லை, டயர் உயரம் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், பஞ்சர் கடை வரை நிதானமாகப் போகலாம். ஆனால் இப்போதே வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அலாய்க்கு வாங்கிய நட் ஸ்டீல் ரிம்மின் கூம்பில் சரியாக உட்காராவிட்டால் பழைய நட் நாலையும் ஒரு பையில் கட்டி ஸ்டெப்னிக்குள்ளேயே போட்டு வையுங்கள். ஹப் ரிங் முன்பக்கம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்டீல் ரிம் முழுசாக உள்ளே போகாது, அதைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்டெப்னி மாட்ட வேண்டும். இதை வீட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் காட்டிக் கொடுங்கள்.