பாட்டு வகுப்புக்கு ஒரு வில்லுப்பாட்டு: யோசனை சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிச் சேர்ந்திசை வகுப்பில் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளை வைத்து, மனுநீதிச் சோழன் கதையைப் பத்து நிமிட இசை நாடகமாக்கப் போகிறேன். ஆராய்ச்சி மணி, தேர்ச்சக்கரம், கன்றை இழந்த பசு என்று கதை முழுக்கச் சத்தம் இருப்பதால் வில்லுப்பாட்டு வடிவம்தான் பொருந்தும் என்று தோன்றியது. புலவர் கதை சொல்ல, மற்றவர்கள் 'ஆமா' போட்டால் கூச்சப்படும் பிள்ளைக்கும் வேலை கிடைத்துவிடும்.

சிக்கல் சுருதியில்தான். பெண் பிள்ளைகள் ஐந்து கட்டையில், அதாவது கொஞ்சம் உயர்ந்த சுருதியில், சுகமாகப் பாடுகிறார்கள். எட்டாம் வகுப்புப் பையன்களுக்கோ குரல் உடையும் வயது, மேலே போனாலே திணறுகிறார்கள். அவர்களை உடுக்கை, குடம், வசனம் என்று ஒதுக்கிவிடலாமா? எனக்கு மனசில்லை. கீழ்ஸ்தாயியில் தனியாக இரண்டு வரி கொடுத்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம், மகனைத் தேர்க்காலில் இடும் கட்டத்தைச் சிறு பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? பாட்டை நிறுத்தி மணியை மட்டும் அடிக்கலாம் என்பது என் யோசனை. கும்மி மெட்டு அந்த இடத்துக்கு ஒத்துவராது, வேறு எளிய மெட்டு இருந்தால் பாடிப் பதிவு செய்து போடுங்கள். நிஜ வில் கிடைக்கவில்லை, மூங்கிலை வளைத்துச் சலங்கை கட்டினால் தாங்குமா?