ஒரே காணி, இரண்டு லைசன்ஸ் சர்வேயர், இரண்டு அளவு: இந்த லைசன்ஸ் யாரைக் காப்பாற்றுகிறது?

தெஹிவளை வாசி
அம்மப்பா 1961இல் வாங்கிய காணி. விற்கலாம் என்று அளந்தோம், 8.2 பேர்ச்சஸ் வந்தது. வாங்க வந்தவர் வேறொருவரைக் கூட்டி வந்து அளந்தார், அவருக்கு 8.6. இரண்டு பேரும் பதிவு பெற்ற சர்வேயர்கள். இருவரிடமும் இந்த வருட அனுமதிப்பத்திரம் இருக்கிறது. வித்தியாசம் 0.4 பேர்ச்சஸ்தானே என்று சொல்லாதீர்கள். அது கிட்டத்தட்ட 109 சதுர அடி. பேர்ச்சஸ் பல லட்சம் போகிற ஊர் இது.

2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாதவர் காணி அளக்க முடியாது. சரி, லைசன்ஸ் உள்ளவர்களே இப்படி அளந்தால் அந்தக் கட்டுப்பாடு எதற்கு? ஆர்டிகே என்ற துல்லியமான ஜிபிஎஸ் கருவி ஒன்றிரண்டு சென்ரிமீற்றருக்குள் புள்ளியைச் சொல்கிறது. படித்த பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் அளக்கட்டும், அரசு முடிவை மட்டும் சோதித்தால் போதும்.

சங்கிலி
தம்பி, நான் 22 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கருவி புள்ளியைத்தான் சொல்லும், அந்தப் புள்ளி உங்கள் எல்லையா என்று சொல்லாது. எல்லை பழைய பிளானிலும், மண்ணுக்குள் கிடக்கும் கல்லிலும், உறுதியில் எழுதிய நான்கு வரியிலும் இருக்கிறது. இவற்றைச் சேர்த்து வாசிக்கத்தான் படிப்பும் பயிற்சியும் பரீட்சையும்.

உங்கள் 1961 பிளான், பெரிய வளவு ஒன்றைத் துண்டு பிரித்ததாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அப்படியானவற்றை ஒரு சங்கிலிக்கு ஓர் அங்குலம் என்று வரைவது வழக்கம். சங்கிலி என்றால் 66 அடி, அது ஓர் அங்குலத்துக்குள் வந்துவிடும். அதில் கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள கோடு, தரையில் ஏறக்குறைய 8 அங்குலம். ஃபோட்டோக் கொப்பி எடுத்துத் தாள் இழுபட்டிருந்தால் இன்னும் கூடும். இதை எந்த ஜிபிஎஸ் தீர்க்கும்?

ஒன்று கேட்கிறேன். இரண்டு புதிய பிளானிலும் கீழே சிறிய எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது?

தெஹிவளை வாசி
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். முதல் பிளானில் 'காட்டப்பட்ட எல்லைகளின்படி' என்று இருக்கிறது. இரண்டாவதில் 1961 பிளானை மேலே பொருத்தி அளந்ததாக எழுதியிருக்கிறார்கள்.

சங்கிலி
அதுதான் காரணம். முதல் ஆள் இப்போது நிற்கிற மதிலை அளந்திருக்கிறார். இரண்டாமவர் பழைய எல்லையைத் தேடியிருக்கிறார். 50 அடி மதில் இரண்டடிக்குக் கொஞ்சம் கூட உள்ளே வந்திருந்தால் உங்கள் 109 சதுர அடி அங்கேயே போய்விடும். அளவு பிழைக்கவில்லை. இரண்டு வெவ்வேறு கேள்விக்கு இரண்டு விடை வந்திருக்கிறது.

தெஹிவளை வாசி
அண்ணா, இதைத்தானே நானும் கேட்கிறேன்! மதில் உள்ளே வந்திருக்கலாம், பழைய பிளானோடு பொருத்திப் பார்ப்போமா என்று முதல் ஆள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காசு வாங்கினார், அளந்தார், போனார். எனக்கு அந்தச் சிறிய எழுத்து எப்படி விளங்கும்? கேட்கவேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தாத லைசன்ஸ் எனக்கு என்ன பாதுகாப்பு? லைசன்ஸ் கொடுக்கிற சபையிடம் முறையிடலாம், தெரியும். அவருடைய லைசன்ஸை நிறுத்தினாலும் என் மதில் நகராது. லைசன்ஸோடு கட்டாயக் காப்புறுதியும் வேண்டும். பிழை விட்டால் நட்டஈடு வரவேண்டும்.

சங்கிலி
கேட்டிருக்க வேண்டும். அதில் நான் அவருக்காகப் பேச மாட்டேன். ஆனால் காப்புறுதிக் கட்டணம் கடைசியில் காணிக்காரர் தலையில்தான் விழும். கட்டணம் கூடியதென்று முறைப்படுகிறவரும் நீங்கள்தானே.

புதுக்கடைக் கிளார்க்
நான் நொத்தாரிசு கந்தோரில் வேலை செய்கிறேன். நீங்கள் இருவரும் ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்குத் தலையிடி தருவது தாள். உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிகிறோம், ஆனால் அதில் சொல்லியிருக்கிற தனியார் பிளானின் மூலப் பிரதி சர்வேயரின் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. அவர் இறந்தால் பிள்ளைகளைத் தேடிப் போகவேண்டும். போன வருடம் ஒரு மூலப் பிளானை ராகமையில் ஒரு தகரப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தோம். ஓரம் முழுக்கப் பூச்சி அரித்திருந்தது. மூன்றாம் துண்டின் அளவு எழுதிய மூலையே இல்லை.

நீதிமன்றத்திலும் பாருங்கள். நில அளவையாளர் நாயகத்தின் கையெழுத்துள்ள வரைபடம் என்றால் சரியானது என்றே எடுத்துக்கொள்வார்கள். தனியார் பிளான் சரி என்று நிரூபிக்கவேண்டும். வரைந்தவர் உயிரோடு இல்லையென்றால் வழக்கு இழுபடும். அளக்கிறவருக்கு லைசன்ஸ் கொடுக்கிற அரசு, அளந்ததையும் வாங்கி வைக்கவேண்டும் அல்லவா?

மட்டக்குளி
அதற்குத்தானே பிம் சவிய திட்டம். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். அரசே அளந்து, உரித்தையே பதிந்து கொடுக்கிறது.

புதுக்கடைக் கிளார்க்
2007இல் தொடங்கியது, இன்னும் நாடு முழுக்க முடியவில்லை. அதுவரை வருகிறவர்கள் எல்லோரும் உறுதியும் பிளானுமாகத்தான் எங்கள் மேசைக்கு வருகிறார்கள்.

சங்கிலி
அக்கா சொல்வதற்கு நான் உடன்படுகிறேன். ஒவ்வொரு பிளானிலும் ஒரு பிரதியை நில அளவைத் திணைக்களத்தில் கொடுக்கச் சொல்லட்டும், நாளைக்கே கொடுப்பேன். தம்பியின் யோசனைக்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன். யாரும் அளக்கலாம் என்றால் மூன்றாவது பிளான், நான்காவது பிளான் என்று வரும், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு.

தெஹிவளை வாசி
யாரும் அளக்கட்டும் என்றதை விட்டுவிடுகிறேன். காப்புறுதியை விடமாட்டேன். பக்கத்து வீட்டு ஐயாவிடம் பேசினேன், சனிக்கிழமை காலை அவரும் நிற்கச் சம்மதம். இரண்டு சர்வேயர்களையும் ஒன்றாக வரச் சொல்லியிருக்கிறேன். வடக்கு மூலையில் பழைய கல் இருந்ததாக அம்மா சொல்கிறா, மதிலோரம் தோண்டிப் பார்க்கப் போகிறோம்.

சங்கிலி
கல் அகப்பட்டால் அசைக்காதீர்கள். மண்ணை மட்டும் விலக்குங்கள், இருக்கிற இடத்திலேயே அளக்கவேண்டும்.