ரெஸ்டோரேஷன்: ‘நிலைமீட்பு’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய ரேடியோ கன்ட்ரோல் கார்களைச் சரிசெய்து ஓட்டுவது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். அதற்காக ‘ரெஸ்டோரேஷன்’ என்பதற்கு ஒரு சொல் கேட்டிருந்தேன். பரிந்துரைத்த எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு சொல்லையும் என் மேசையில் பிரித்துப் போட்டிருக்கும் ஒரு வண்டியோடு பொருத்திப் பார்த்தேன். எனக்குச் சரியாகப் படுவது ‘நிலைமீட்பு’. ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு சொல் சரியாக அமைந்தால் கையேட்டில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் வண்டியைப் பற்றி. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே 934 காரோடு ரேடியோ கன்ட்ரோல் துறைக்கு வந்தது. 1979-இல் ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் என்று மண்ணில் ஓடும் வண்டிகள். 1984-இல் கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும் வந்தன. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு, பின்சக்கர இயக்கம், பெட்டியைத் திறந்து நாமே பூட்டிக்கொள்ள வேண்டிய உதிரிகள். என் மேசையில் இருப்பது ஹார்னெட். அந்த மாடல் 2004-இலும் சாண்ட் ஸ்கார்ச்சர் 2010-இலும் மீண்டும் சந்தைக்கு வந்தன. ஆகவே பழைய வண்டிக்கு இன்று புது உதிரி கிடைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் சொல் சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

> ‘புதுப்பித்தல்’ என்ற எளிய சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்வி. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கிறோம், உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், வீட்டைப் புதுப்பிக்கிறோம். மூன்றிலும் பழையதன் சுவடு போய்விடுவதுதான் வெற்றி. ஹார்னெட்டின் மேலுடலை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போலத் தெளிவான பாலிகார்பனேட் ஓடு அது. பெயின்டை உள்பக்கமாக அடிக்க வேண்டும், ஸ்டிக்கரை வெளிப்பக்கம் ஒட்ட வேண்டும். வண்டி கல்லில் உரசினாலும் நிறம் போகாது, ஓடுதான் கீறல் விழும். முதல் முதலாக அடித்த பெயின்ட் அந்த ஓட்டுக்கு அடியில் அப்படியே இருக்கும். என் வண்டியில் யாரோ தூரிகையால் அடித்திருக்கிறார்கள். ஜன்னல் ஓரத்தில் மறைப்பு டேப்புக்கு அடியில் பெயின்ட் கசிந்த இடம் கூடத் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பெயின்டைக் கரைத்து எடுத்துவிட்டு, பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தில் உள்ளபடி ஸ்ப்ரே அடித்தால் அது புதுப்பித்தல். செய்பவர்கள் நிறையப் பேர், அழகாகவும் இருக்கும். பெயின்டைத் தொடாமல், சக்கர வளைவுக்கு மேலே ஓடிய வெடிப்பை மட்டும் உள்பக்கமிருந்து வலைத்துணியும் பசையும் வைத்து நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் தங்கள் வேலையை ரெஸ்டோரேஷன் என்றுதான் சொல்கிறார்கள். அதற்குப் போய் ‘புதுப்பித்தல்’ என்று பெயர் வைத்தால் அவர்கள் செய்ததற்கு நேர் எதிரானதைச் சொன்னதாகிவிடும்.

‘மீட்டமைப்பு’ என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். கணினியில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. ‘கடவுச்சொல்லை மீட்டமை’ என்று திரையில் வந்தால் பழைய கடவுச்சொல் திரும்பிவராது, ஒழிந்துபோகும். ஃபோனை மீட்டமைத்தால் உள்ளே இருக்கும் படம், எண் எல்லாம் துடைக்கப்படும். ஒரு சொல் மக்கள் விரலில் இப்படிப் பதிந்த பிறகு அதை மாற்ற நம்மால் ஆகாது. ‘சீரமைப்பு’ சாலைக்கும் பல்லுக்கும் நிர்வாகத்துக்கும் போய்விட்டது. ‘புனரமைப்பு’ என்றால் இடிந்த ஒன்றைத் திரும்பக் கட்டுவது. ‘தொன்மீட்பு’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அகழாய்வு நினைவுக்கு வருகிறது. 1984 வண்டிக்குத் தொன்மை அதிகம்.

‘செப்பனிடல்’, ‘பழுதுபார்த்தல்’ இரண்டையும் நான் விடப் போவதில்லை. கையேட்டில் அவற்றுக்கு வேறு இடம் இருக்கிறது. கையில் பிடித்து ஓட்டும் டிரான்ஸ்மிட்டரின் பேட்டரி அறையைத் திறந்தால் ஸ்பிரிங்கெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். உள்ளேயே மறந்துவிட்ட ஆல்கலைன் பேட்டரி கசிந்து காய்ந்ததுதான் அது. பஞ்சுக்குச்சியில் வினிகரைத் தொட்டு வைத்தால் நுரைத்துக்கொண்டு கரையும். அப்புறம் ஆல்கஹாலால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் உலோகம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். இது பழுதுபார்ப்பு. வண்டி இருந்த நிலையைப் பற்றி இங்கே யாருக்கும் கருத்து வேறுபாடு வராது. பழுது என்றால் பழுதுதான், நீக்க வேண்டியதுதான். பல பழுதுபார்ப்புகள் சேர்ந்தது ஒரு ரெஸ்டோரேஷன். ஆனால் எவ்வளவு பழுது பார்த்தாலும் அது தானாக ரெஸ்டோரேஷன் ஆகிவிடாது. எதை நோக்கிப் போகிறோம் என்ற முடிவு நடுவில் வேண்டும்.

அந்த முடிவைச் சொல்லுக்குள்ளேயே வைக்கத்தான் ‘நிலை’ என்ற முன்பகுதி. நிலைமீட்பு என்றவுடன் கேட்பவர் இயல்பாகவே ‘எந்த நிலைக்கு?’ என்று கேட்பார். அந்தக் கேள்வி எழ வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

ஏனென்றால் பழைய வண்டியில் இரண்டு நிலைகள் ஒன்றோடொன்று மோதும். ஒன்று, அது பெட்டியிலிருந்து வந்தபோது இருந்த நிலை. இன்னொன்று, இன்று மைதானத்தில் நம்பி ஓட்டக்கூடிய நிலை. ரேடியோவைப் பாருங்கள். அன்று 27 மெகாஹெர்ட்ஸ். டிரான்ஸ்மிட்டரில் அலைவரிசையைத் தீர்மானிக்கும் ஒரு கிரிஸ்டல், வண்டிக்குள் இருக்கும் ரிசீவரில் அதன் ஜோடி, இரண்டுக்கும் நடுவே 455 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம். டிரான்ஸ்மிட்டரில் 27.145 என்றால் ரிசீவரில் 26.690. பக்கத்தில் இன்னொருவர் அதே அலைவரிசையில் ஓட்டினால் இரண்டு வண்டியும் தறிகெட்டு ஓடும். அதனால்தான் எந்த அலைவரிசை என்று காட்ட ஆன்டெனா முனையில் வண்ணக் கொடி கட்டுவார்கள். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் இந்தத் தொல்லையே இல்லை. வேகக் கட்டுப்பாடும் அப்படித்தான். அன்று சர்வோ என்ற, ரேடியோ சொன்னபடி திரும்பும் ஒரு சிறு மோட்டார் பித்தளைத் தொடுமுனைகள் மேல் ஒரு கையை நகர்த்தும். குறைந்த வேகத்தில் மின்சாரம் ஒரு தடுப்பான் வழியாகப் போகும், தடுப்பான் விரல் சுடுகிற அளவுக்குச் சூடாகும். தொடுமுனைகள் பொறி தட்டிக் கறுத்துப்போகும், அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். இன்று அந்த இடத்தில் தீப்பெட்டியளவு மின்னணுக் கட்டுப்படுத்தி.

கிரிஸ்டலும் சூடாகும் தடுப்பானும் உள்ளபடியே வேலை செய்ய வேண்டும் என்று உழைப்பவர் செய்வது ஒன்று. அவற்றைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, புது ரேடியோ போட்டுக் குழந்தைகளோடு ஓட்டுபவர் செய்வது வேறு. இரண்டும் மரியாதைக்குரிய வேலைகள். முதலாவதைப் பெட்டிநிலை மீட்பு என்றும் இரண்டாவதை ஓடுநிலை மீட்பு என்றும் கையேட்டில் எழுதப் போகிறேன். எதையும் மாற்றாமல், மேலும் கெடாமல் மட்டும் பார்த்துக்கொள்வதற்கு ‘நிலையோம்பல்’. விருந்தோம்பல் என்ற சொல் பழக்கமானதால் இதுவும் நாக்கில் தடுக்காது என்று நம்புகிறேன். அருங்காட்சியகத் துறையினர் ‘கன்சர்வேஷன்’ என்பதும் ஏறக்குறைய இதுதான்.

இந்தப் பிரிவு வெறும் சொல் ஆசைக்காக இல்லை. பழைய வண்டி விற்பவர் ‘முழுவதும் ரெஸ்டோர் செய்தது’ என்று ஒரு வரி போடுவார். வாங்கிப் பிரித்தால் அடிச்சட்டம் மட்டும் 1984, மற்றதெல்லாம் மறுவெளியீட்டு உதிரியாக இருக்கலாம். விற்றவர் பொய் சொல்லவில்லை. சொல்தான் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்துவிட்டது. ‘ஓடுநிலை மீட்பு, மேலுடலும் டயரும் மறுவெளியீடு’ என்று எழுதியிருந்தால் வாங்குபவருக்குத் தெரிந்திருக்கும்.

கோயில் திருப்பணியில் நாம் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறோம். கல்லைச் சுத்தமாக்குகிறோம் என்று உயர் அழுத்தத்தில் மணல் வீசியதில் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போன இடங்கள் உண்டு. செய்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். எந்த நிலைக்குக் கொண்டுபோகிறோம் என்ற கேள்விதான் முன்கூட்டி எழவில்லை.

இனி ‘மீட்பு’ என்ற பின்பகுதி.

> ‘மீள்’ என்ற முன்னொட்டோடு ‘மீள்நிலை’ என்றால் இன்னும் சுருக்கம் அல்லவா?

சுருக்கம்தான். ஆனால் மீள்தல் தன்வினை, மீட்டல் பிறவினை. இயற்பியல் பாடத்தில் ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் செயல்படுவதை மீள்விசை என்கிறோம், அது சரி. ஸ்பிரிங் தானே திரும்புகிறது. முப்பது நாற்பது வருடம் பரணில் கிடந்த வண்டி தானே திரும்பாது. ஒரு ஆள் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். மீட்பு என்றால் அந்த ஆள் சொல்லுக்குள் வந்துவிடுகிறார். அதோடு, அடகு வைத்த நகையைத்தான் மீட்கிறோம். திரும்பி வருவது அதே நகை, அதே நசுங்கலோடு. கடைக்காரர் மின்னுகிற வேறு நகையைக் கொடுத்தால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். இந்தச் சொல்லில் நான் தேடியது அந்த ‘அதே’.

‘மீட்டோம்பல்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மீட்டு ஓம்புதல். பொருளால் இதுவரை வந்தவற்றிலேயே மிக அழகானது, ஒரு வாரமாக மனதில் சுற்றிக்கொண்டிருந்தது. எழுத்தில்தான் சிக்கல். படிக்கிற கண் ‘மீட்டோம்’ என்று வினைமுற்றாகப் பிரித்துவிடுகிறது, மிச்சம் ‘பல்’ என்று நிற்கிறது. புதிதாகப் படிக்கிற ஒரு பள்ளி மாணவர் அங்கே தடுக்கி விழுவார். அதனால் மனமில்லாமல் விட்டேன். ஓம்பலை நிலையோம்பலில் எடுத்துக்கொண்டது அவர் தந்த யோசனையால்தான்.

நிலைமீட்பு வினையாகவும் நன்றாக இயங்குகிறது. நிலைமீட்டேன், நிலைமீட்ட வண்டி, நிலைமீட்பாளர். காருக்கு மட்டும் இல்லை, பழைய ரேடியோ, தையல் மெஷின், கேமரா எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

மண்ணிலும் மணலிலும் ஓடும் வண்டியை ஆங்கிலத்தில் சொல்லும் ‘பக்கி’ (buggy) பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதினால் தமிழில் வசவாகிவிடும், அதனால் மாற்று தேவைதான். ‘மணல்வண்டி’ என்றால் மணல் லாரி. போன வாரம் தூத்துக்குடிப் பக்கத்து நண்பர் ஒருவர் ‘தேரியோடி’ என்றார். படித்தவுடன் எனக்குப் பிடித்துப்போனது. அந்தச் செம்மணல் மேடுகளைத் தேரி என்றுதானே காலங்காலமாகச் சொல்கிறோம். புரூஸ் மேயர்ஸ் 1964-இல் கலிஃபோர்னியாவில் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பாகங்கள் மேல் ஃபைபர் உடலைப் பொருத்தி மேயர்ஸ் மேங்க்ஸ் வண்டியைச் செய்ததே மணல்மேட்டிலும் கடற்கரையிலும் ஓட்டத்தான். சாண்ட் ஸ்கார்ச்சரின் மேலுடலும் அதே பீட்டில்தான். தேரியோடி என்ற பெயர் பொருளோடு ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கிறது. எனக்கு முழுச் சம்மதம்.

திருகு, மரை, பற்சக்கரம், அச்சு ஆகியவற்றுக்குப் பட்டறைச் சொல்லே போதும், புதிதாக எதுவும் வேண்டாம். ‘மரை’ என்ற சொல் தமிழில் இவ்வளவு உயிரோடு இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். இந்த வண்டிகளில் திருகு நேராக பிளாஸ்டிக்குக்குள்தான் இறங்கும். கழற்றியதைத் திரும்பப் பூட்டும்போது முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்ப வேண்டும். ‘டிக்’ என்று ஓர் இறக்கம் விரலுக்குத் தெரியும். பழைய மரை வாயில் திருகு உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் வலப்பக்கம் முடுக்கினால் அன்று வெட்டிய தடத்திலேயே இறங்கும். நேராக அழுத்தித் திருகினால் இன்னொரு தடம் வெட்டிக்கொண்டு போகும், இரண்டு மூன்று முறையில் துளை தளர்ந்துவிடும். இன்னொன்று: ஜப்பானியத் திருகின் நட்சத்திர வாய் நம் ஊர் திருப்புளி முனைக்குச் சரியாகப் பொருந்தாது, வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில் தரம்) அளவு திருப்புளி வாங்கிக்கொள்வது நல்லது. கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதைப் போடப் போகிறேன்.

ஓடுநிலை மீட்பு செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் அதே பக்கத்தில் வரும். பழைய தொடுமுனைக் கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு லித்தியம் பேட்டரி போடக்கூடாது. மின்னழுத்தம் குறைந்தால் நிறுத்தும் வசதி அதில் கிடையாது. பேட்டரி அளவுக்கு மீறி வடிந்து கெட்டுப்போகும், மறுபடி சார்ஜ் ஏற்றும்போது ஆபத்து. ஆறு செல், 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போதும். அன்றைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கும் அதே 7.2 வோல்ட்தான்.

மிச்சம் இருப்பது ஒன்று. ஆங்கிலத்தில் ‘பேட்டினா’ என்பார்கள். வருடக்கணக்கில் பொருளின் மேல் படிந்து, அதை அழகாக்குகிற பழமை. செம்பு, பித்தளைக்குக் களிம்பு என்ற சொல் இருக்கிறது. ஆனால் இந்த வண்டியில் மஞ்சளாகிப்போன வெள்ளை பிளாஸ்டிக், மங்கிய ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்துச் சொல்ல அது போதாது. மருந்துக்கடைக் களிம்பும் குறுக்கே வரும். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் மஞ்சள் போய்விடும். போக்கலாமா, விடலாமா என்ற அத்தியாயத்துக்குத்தான் இந்தச் சொல் தேவைப்படுகிறது. ‘காலப்படிவு’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். மஞ்சள் மேலே வந்து படிந்தது கிடையாது, பிளாஸ்டிக்குக்குள்ளேயே நடந்த மாற்றம். அதனால் ‘படிவு’ எனக்கு இன்னும் உறுத்துகிறது. இதைவிட நல்லதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.