தூண்டில் போடப் போகும்போது வீட்டாரையும் அழைத்துச் சென்றவர்கள்: அனுபவப் பகிர்வு

வாய்க்கால்மேட்டுக்காரன், கோபிசெட்டிபாளையம்:

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திய பிறகு பாலத்தடியில் தேங்கி நிற்கும் மடுக்களைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊர் நோம்பி (திருவிழா) முடிந்த மறுநாள், வீடு நிறைய விருந்தாளிகள் இருந்ததால், சத்தமில்லாமல் தூண்டில் ராடை எடுத்துக்கொண்டு அப்படியொரு மடுவுக்குக் கிளம்பினேன். "நானும் வர்றேனுங்க மாப்பிள்ளை, ஊட்ல உக்காந்து என்ன பண்றது" என்று என் மாமியாரும் வண்டியில் ஏறிவிட்டார். மாமியாரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மீன் பிடிக்கப் போகும் துணிவு கொங்கு நாட்டில் எந்த மாப்பிள்ளைக்கும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் ஈயம் கட்டி, மாவு உருண்டையை அடியில் இறக்கிவிட்டு, ரீலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் என்னிடம் கொஞ்சம் தூண்டில் நரம்பும் ஒரு முள்ளும் வாங்கிக்கொண்டார். பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு சாண் சோளத்தட்டை ஒடித்துத் தக்கையாகக் கட்டினார். தூக்குப்போசியில் இருந்த இட்லியைப் பிசைந்து முள்ளில் உருட்டி, தக்கைக்கு ஒரு முழம்கூட ஆழம் வைக்காமல் வீசினார். அவ்வளவு மேலே வைத்தால் பொடி மீன்தான் கொத்தும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தச் சோளத்தட்டு ஒருமுறை படுத்து, எழுந்து, பிறகு பக்கவாட்டில் நழுவிக்கொண்டே போயிற்று. நாமாக இருந்தால் உடனே வெட்டி இழுத்திருப்போம். அவரோ முந்தானையை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, நரம்பை அதன் போக்கில் விட்டு, நின்றதும் இழுத்து, ஓடியதும் விட்டு, கடைசியில் என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே, "மாப்பிள்ளை, அந்தக் குச்சியைக் கீழ வெச்சுட்டு வந்து செத்த இதைப் புடிங்க" என்றார். தலை பெருத்த, கீழுதடு மேல்நோக்கித் தூக்கிய, அசல் கட்லா.

கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில் மேயும், மிர்கால் அடியில் மேயும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர் காலிங்கராயன் வாய்க்கால் கரையில் பிறந்து வளர்ந்தவர் என்பது அன்றுதான் நினைவுக்கு வந்தது. என் மனத்தை இன்றும் உறுத்துவது அதுவன்று. வீட்டுக்கு வந்ததும் வந்திருந்த உறவினர் அத்தனை பேரிடமும், "எங்க மாப்பிள்ளை புடிச்சதுங்க" என்று அவர் சிரிக்காமல் சொன்னார். குழம்பு பரிமாறும்போது மீன் தலையை என் தட்டில் வைத்துவிட்டு, ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று என் மனைவியிடமும் கேட்க முடியவில்லை.

ஊராட்சிக்கோட்டைக்காரன், பவானி:

உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என் கதை மகளைப் பற்றியது. ஊராட்சிக்கோட்டைப் பக்கம் காவிரிக் கரையில், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளோடும் மனைவியோடும் உட்கார்ந்திருந்தேன். கையகல ஜிலேபி மீன் (திலேப்பியா) ஒன்று வந்தது. அதைக் கழற்றித் தண்ணீர் வாளியில் போட்டதும், மகள் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, மீனு வாந்தி எடுக்குது" என்று கத்தினாள். வாந்தியில்லை, குஞ்சுகள். எள்ளுக்கு வால் முளைத்ததுபோல் கண்ணும் வாலுமாக, அந்த மீனின் வாயிலிருந்து புகை மாதிரி வெளியே வந்துகொண்டே இருந்தன. அவள் வாளிக்குள் விரலை வைத்ததும் அத்தனையும் திரும்பித் தாயின் வாயை நோக்கி ஓடின. தாயும் வாயைத் திறந்து உள்ளே வாங்கிக்கொண்டது.

ஜிலேபியில் தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். அதை மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி குறுக்கிட்டு, "பாத்துக்குங்க, புள்ளைகளுக்காக அது எத்தனை நாளு வாயைத் தொறக்காம இருக்குது. நீங்க ஒரு மீனு புடிச்சா அந்தியூர் வரைக்கும் கேக்குது" என்றாள். வாளியோடு ஆற்றில் விட்டுவிட்டோம். அன்றிலிருந்து வீட்டில் நான் எதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும், மகள் கன்னம் இரண்டையும் உப்பிக் காட்டுகிறாள்.

கரைக்கணக்கன், ஈரோடு:

நானும் பிள்ளைகளோடு தூண்டிலுக்குப் போயிருக்கிறேன். சின்னவன் செருப்பைக் காலிங்கராயனில் விட்டுவிட்டு வந்தான், அவ்வளவுதான். சொல்ல வந்தது வேறு.

மேலே பவானி நண்பர் எழுதியதில் ஓர் இடறல் இருக்கிறது. ஜிலேபித் தாய், வாயில் முட்டையோ குஞ்சோ இருக்கும் காலத்தில் இரை எடுப்பதில்லை என்றே சொல்லலாம். 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன் இவ்வளவு விரைவாக எல்லாக் குளத்தையும் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணமே, தான் பட்டினி கிடந்தாவது குஞ்சுகளைக் காப்பாற்றிவிடும் அதன் பழக்கம்தான். அப்படியிருக்க, வாய் நிறையக் குஞ்சை வைத்துக்கொண்டு அது எப்படி உங்கள் மாவு உருண்டையைக் கவ்வியது? முள் வாயில் மாட்டியிருந்தால் குஞ்சுகள் கரைக்கு வரும் முன்பே ஆற்றில் சிதறியிருக்காதா? வலைக்காரரிடம் உயிரோடு வாங்கி வாளியில் விட்ட மீனுக்கு மட்டுமே இந்த நிகழ்ச்சி பொருந்தும். குழந்தையை மகிழ்விப்பதற்காக வாங்கியிருந்தால் அதில் தவறொன்றும் இல்லை. அதை அப்படியே எழுதியிருக்கலாம்.

கோபி நண்பரின் கதையில் எனக்கு ஐயமில்லை. பிசைந்த இட்லிக்குக் கட்லா வரும்.

ஊராட்சிக்கோட்டைக்காரன், பவானி:

ஐயா, அது வாயில் மாட்டியது என்று நான் எங்கே எழுதினேன்? நான் போட்டிருந்தது கொத்து முள். நடுவில் மாவு உருண்டை, சுற்றிலும் நாலைந்து முட்கள். கூட்டமாக வந்து உருண்டையை மோதும்போது ஒன்றிரண்டு மீன்களுக்கு வெளிப்புறத்தில் முள் ஏறுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த மீனுக்குச் செவுளுக்குப் பின்னால், பக்கத்துடுப்பின் அடியில் மாட்டியிருந்தது. குஞ்சுகளில் எத்தனை ஆற்றில் சிதறின என்பது எனக்குத் தெரியாது. மிச்சமிருந்தவற்றைத்தான் என் மகள் பார்த்தாள். சாட்சி வேண்டுமென்றால் என் மனைவி இருக்கிறாள், ஆனால் அவளிடம் சாட்சி கேட்டால் மற்ற கதைகளும் வெளியே வரும் என்பதால் வேண்டாம்.

அடுப்படிக்காரி, பெருந்துறை:

இங்கே எழுதும் ஆண்கள் எல்லாரும் வீட்டாரைக் கரைக்கு அழைத்துச் சென்றதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். கரையே எங்கள் வீட்டுக்குள் வந்த கதையை நான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் இரை பிசைவதை ஒரு வேள்வி மாதிரி செய்வார். மைதா, பொட்டுக்கடலை மாவு, முட்டை, சிறிது கடலைப் புண்ணாக்குத் தூள், வாசத்துக்கு என் டப்பாவிலிருந்து எடுத்த ஏலக்காய், நாட்டுச்சர்க்கரை எல்லாம் சேர்த்துப் பிசைந்து, எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு மூடி, மறுநாள் காலைக்காகக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மதியம் ஊரிலிருந்து வந்த என் அமுச்சி (அம்மாவின் அம்மா), நான் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்த நேரத்தில், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவார்களே என்று, அந்த மாவைக் கிள்ளிக் கிள்ளி எண்ணெயில் போட்டுச் சுட்டு எடுத்துவிட்டார். நான் இறங்கி வரும்போது தட்டு நிறைய இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் தின்றார்கள். எதிர்வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. நானும் தின்றேன். கொஞ்சம் கரகரவென்று இருந்தாலும் நன்றாகவே இருந்தது.

ஆறு மணிக்கு அவர் வந்தார். தட்டைப் பார்த்தார். காலியாகக் கழுவிக் கவிழ்த்திருந்த கிண்ணத்தைப் பார்த்தார். "சாப்புடுங்க தம்பி, சூடா இருக்குது" என்று அமுச்சி நீட்டியதும், இரண்டை எடுத்து, ஒன்றும் பேசாமல், மென்று தின்று தண்ணீர் குடித்தார். இரவு விளக்கை அணைத்த பிறகுதான் என்னிடம் சொன்னார். கிழவியின் மனம் நோகக் கூடாதென்று பேசாமல் இருந்தாரா, நாங்கள் எல்லாரும் தின்றுவிட்டோம் என்று தெரிந்து பயந்து பேசாமல் இருந்தாரா என்பதை இன்றுவரை அவர் வாயிலிருந்து என்னால் வாங்க முடியவில்லை. அமுச்சி ஒவ்வொரு முறை வரும்போதும், "அந்த மாவு எந்தக் கடையில வாங்குன கண்ணு" என்று கேட்கிறார்.

அணைமேட்டு நிழல், உடுமலைப்பேட்டை:

சுருக்கமாகச் சொல்கிறேன். அமராவதி அணையில் முதலை உண்டு, அங்கே முதலைப் பண்ணையும் உண்டு என்பது தெரிந்த செய்தி. ஆனாலும் அணைக்குக் கீழே வெகுதூரம் தள்ளி, ஆற்றோரத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த நினைப்பே இல்லை. நான் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் டிபன் கேரியர் அடுக்கை மூடும் சத்தம் கேட்டது. பாய் சுருட்டும் சத்தம் கேட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் மனைவி கரைமேல் ஏறுவதும் கேட்டது. மேலே போய் நின்றபிறகு, நிதானமான குரலில், "ஏனுங்க, அந்தக் கட்டை கண்ணைத் தொறக்குதுங்க" என்றாள்.

நான் எப்படி மேலே வந்தேன் என்பது முக்கியமில்லை. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "மொதல்ல சொன்னா, நீங்க ராடை எடுக்கறதுக்குத் திரும்புவீங்க. புள்ளையும் சோறும் மேல வந்துட்டா அப்பறம் உங்களை மட்டும் பாத்தாப் போதுமுல்ல" என்றாள். இந்தப் பதிலில் எனக்குரிய இடம் எது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ராடு அங்கேயேதான் கிடந்தது.

கரைக்கணக்கன், ஈரோடு:

உடுமலை நண்பர் அணைக்குக் கீழே என்று தெளிவாக எழுதியது நல்லது. அமராவதி, பவானிசாகர், ஆழியாறு போன்ற அணைகளின் நீர்ப்பரப்பில் அனுமதியில்லாமல் யாரும் தூண்டில் போடக் கூடாது என்பதைப் புதியவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். பவானி நண்பரின் கொத்து முள் விளக்கத்தைப் பாதி ஏற்றுக்கொள்கிறேன். பக்கத்துடுப்பின் அடியில் மாட்டிய மீன் இழுக்கும்போது குறுக்காக வரும், கை கனக்கும். கையகல மீனா அதைவிடப் பெரிதா என்ற ஐயம் உங்களுக்கு அப்போதே வந்திருக்க வேண்டும். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

நொய்யல் தாத்தா, சூலூர்:

என் பேரனோடு போனபோது அவன் விரால் குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்துச் சிவப்புப் பூ மிதக்கிறது என்றான். நான் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதையொட்டிச் சில செய்திகளைச் சொல்லவேண்டியிருக்கிறது.

விராலில் தாயும் தகப்பனும் சேர்ந்தே குஞ்சைக் காவல் காக்கும். செந்நிறக் குஞ்சுகள் மேலே வந்து மூச்சு வாங்கும்போது தண்ணீர் கொதிப்பதுபோல் தெரியும். அந்த இடத்தில் ரப்பர் தவளையைப் பொய்யிரையாகப் போட்டால் பெரிய மீன் பசியால் அன்று, கோபத்தால் பாயும்; நிச்சயமாக மாட்டும். அதை எடுத்துக்கொண்டு போனால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீனும் கொக்கும் ஒரு பொழுதில் தீர்த்துவிடும். இப்போது இளைஞர்கள் இதைப் படம் பிடித்துப் போடுவதைப் பார்க்கிறேன். போட வேண்டாம்.

பெருந்துறைச் சகோதரிக்கு: இரை மாவில் முட்டை சேர்த்தால் ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, குளிர்பெட்டியில் வைத்தாலும் தனி டப்பாவில், மேலே எழுதி ஒட்டி வைக்க வேண்டும். புண்ணாக்கை வறுத்துச் சேர்த்தால் வாசம் கூடும். மாட்டுக்கு வாங்கும் புண்ணாக்கில் பூஞ்சை இருக்கக்கூடும், ஆகவே பிள்ளைகள் தின்றது எனக்குக் கவலையாக இருக்கிறது. திருப்பூருக்குக் கீழே நொய்யலில் பிடித்த மீனை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். 1992இல் அதே நொய்யலில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டியது. அதில் சாயக்கழிவு தேங்கி என்ன ஆயிற்று என்பதை அந்தப் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டுப் பாருங்கள்.

குடும்பத்தில் சண்டை வராமல் இருக்க ஒரு வழி உண்டு. நாள்காட்டியைப் பார்த்துப் புறப்பட வேண்டும். திங்கள், வெள்ளி, சனிக்கிழமைகளில் மீனோடு வீட்டுக்குப் போகாதீர்கள். அமாவாசை, கிருத்திகை, சஷ்டியும் ஆகாது. புரட்டாசி முழுவதும் தூண்டிலைத் தொடவே வேண்டாம். வாய்க்கால் நிறைந்து ஓடும் காலம் அது, கரையும் வழுக்கும். வாய்க்காலுக்கு ஆகஸ்ட் 15 அன்று தண்ணீர் திறக்கிறார்கள் என்றால் டிசம்பர் வரை காத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமையை மாமனார் வீட்டுக்கு ஒதுக்குங்கள். இப்படி ஒழுங்காக நடந்துகொண்டால் எந்த மனைவியும் குறை சொல்லமாட்டாள். என் வீட்டில் சொல்வதில்லை.

அடுப்படிக்காரி, பெருந்துறை:

ஐயா, உங்கள் அக்கறைக்கு நன்றி. பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர்களும் நலமாகவே இருக்கிறார்கள், அவர்களுக்கு இன்னும் விவரம் தெரியாது.

நீங்கள் சொன்ன நாள்காட்டியை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். விரலை மடக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் செவ்வாய், புதன், வியாழன் மூன்றும்தான் நின்றன. அந்த மூன்று நாளும் அவருக்குப் பகல் ஷிப்ட்.