பதின்பருவ மகனுக்கு எந்த அளவு கட்டுப்பாடு வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டவும்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். 2004 சுனாமியில் தேவனாம்பட்டினத்தில் உறவினரைப் பறிகொடுத்த என் மனைவி, நண்பர்களோடு அங்குள்ள சில்வர் பீச் கடற்கரைக்குப் போக அவனை இன்றுவரை அனுமதித்ததில்லை. அந்த அச்சத்தை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். ஆனால், பக்கத்துத் தெரு டியூஷனுக்கும் வண்டியில் கொண்டுபோய் விடுவதும், இரவுதோறும் அவனுடைய செல்போனைச் சோதிப்பதும் அவனைக் காப்பதைவிடத் தயக்கம் மிக்கவனாக ஆக்குகின்றன என்றே நினைக்கிறேன். அண்மையில் மருத்துவர், "எங்கே வலிக்கிறது தம்பி?" என்று கேட்டபோது, அவன் பதில் சொல்லாமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். கடலில் இறங்குவதும் புதுச்சேரிக்குத் தனியாகப் பேருந்தில் போய்வருவதும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல; இரண்டுக்கும் ஒரே தடை விதித்தால், எது உண்மையான ஆபத்து என்று எடைபோட அவன் எப்போது கற்றுக்கொள்வான்?

பதின்பருவப் பிள்ளைகளை வளர்த்தவர்கள், எந்தக் கட்டுப்பாட்டை முதலில் தளர்த்தினீர்கள், துணைவரின் பயத்தைப் புண்படுத்தாமல் எப்படிப் பேசினீர்கள் என்று எழுத வேண்டுகிறேன். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பிள்ளையோடு பெற்றோரும் ஆலோசனை பெற்றிருந்தால், அங்கே பதிவு செய்யும் முறையையும், அதற்கு முன் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையின் 14416 எண்ணில் பேசுவது பயன்படுமா என்பதையும் தெரிவியுங்கள்.