மாடுலேஷன் பெடல்களுக்குத் தமிழ்ப்பெயர்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கிட்டார் வாத்தியார், கோவை — செவ்வாய் காலை

அனைவருக்கும் வணக்கம். என் மாணவர்களுக்காக 12 பக்கத்தில் ஒரு கையேடு போடுகிறேன், முதல் மாடுலேஷன் பெடலாக (கிட்டார் ஒலியை அசைத்து மாற்றுகிற, காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி) எதை வாங்குவது என்று. வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். இவர்கள் பெட்டியை வாங்கி வந்த பிறகுதான் "சார், இது கோரஸா ஃபிளாஞ்சரா" என்று கேட்கிறார்கள். சர்ச் குழுவில் வாசிக்கிற ஒரு பையன் இனிப்பான ஒலி வேண்டும் என்று போய் ஃபிளாஞ்சரை வாங்கி, நாலு குமிழையும் முழுக்கத் திருப்பி வைத்து வாசித்திருக்கிறான். பாதிரியார் ஜெனரேட்டரைப் பார்க்க ஆள் அனுப்பினாராம்.

எனக்கு வேண்டியது ஐந்து சொல். கோரஸ்: வாசித்த ஒலிக்கு ஒரு நகல் எடுத்து, அதை ஏறத்தாழ 20 மில்லிநொடி தாமதித்து, அந்தத் தாமதத்தையே மெல்லக் கூட்டிக் குறைத்து, மூல ஒலியோடு கலப்பது. ஃபிளாஞ்சர்: அதே வேலைதான், ஆனால் தாமதம் 1 முதல் 10 மில்லிநொடிக்குள், வெளியே வந்ததில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளேயே விடுவார்கள். ஃபேஸர்: தனியாகத் தாமதம் இல்லை, ஃபேஸை (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை) மட்டும் திருப்பிக் கலக்கும்போது இடையில் சில அதிர்வெண்கள் அறுந்துபோகும், அந்தப் பள்ளங்கள் மேலும் கீழும் நகரும். ட்ரெமெலோ: ஒலியளவு ஏறி இறங்குவது. வைப்ராட்டோ: சுருதி ஏறி இறங்குவது.

முடிந்தால் மாடுலேஷனுக்கும் பெடலுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டதும் பையனுக்கு ஒலி நினைவுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

---

தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம் — செவ்வாய் மதியம்

தம்பி, ஐந்து சொல்லுக்கு நான்கு நாள் போதாது, இருந்தாலும் முயல்வோம். வைப்ராட்டோவுக்குச் சொல் தேடவே வேண்டாம், சுரத்தை நடுக்கி அசைக்கும் கமகத்துக்குக் கம்பிதம் என்ற பெயர் இருக்கிறது. வடசொல் என்று சிலர் இப்போதே பதில் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். பொறுங்கள். கம்பி அதிர்வதால் கம்பிதம். கம்பி நம் சொல். கம்பு, கம்பி, கம்பம் எல்லாம் நீண்டு நிற்பவை; கழைக்கூத்தாடி ஏறினால் கம்பம் ஆடும், அடித்தால் கம்பி ஆடும். ஆடுவதற்குக் கம்பித்தல் என்ற பெயர் இங்கிருந்து வடக்கே போயிருக்கத் தடை என்ன?

மற்றவற்றுக்குச் சிலப்பதிகாரத்துக் கானல்வரியைப் பாருங்கள். வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என்று யாழுக்கு எட்டு இசைக்கரணம் அங்கே உண்டு. உங்களுக்கு வேண்டியது ஐந்து. மூன்று மிச்சம்.

பெடலுக்குக் கால்மிதி.

---

ஒலிப்பொறியாளர், பல்லாவரம் — செவ்வாய் மாலை

ஐயா, கால்மிதி எங்கள் வீட்டு வாசலில் கிடக்கிறது, மழைக்காலத்தில் காயவே காயாது. மிதிப்பெட்டி என்று வைக்கலாம், பார்த்தால் பெட்டி, காலால் மிதிக்கிறோம்.

யாழின் எட்டும் விரல் வேலை. இங்கே விரல் வாசித்து முடித்த பிறகு மின்சுற்று செய்வதற்குப் பெயர் கேட்கிறார்கள். உருட்டல் என்று எழுதினால் பையன் விரலை உருட்டப் பார்ப்பான்.

இன்னொன்று. ஆங்கிலப் பெயரையே மொழிபெயர்க்கக் கூடாது, ஏனென்றால் அந்தப் பெயர்களே குழப்பம். 1954இல் வந்த ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் சுருதியை அசைக்கிற கைப்பிடிக்கு ட்ரெமெலோ என்று பெயர் வைத்தார்கள். அதே கம்பெனி ஆம்ப்ளிஃபயரில் ஒலியளவை ஏற்றி இறக்குகிற வசதிக்கு வைப்ராட்டோ என்று எழுதினார்கள். இரண்டும் தலைகீழ். இன்றைக்கும் கிட்டார்க்காரர்கள் அந்தக் கைப்பிடியை ட்ரெமெலோ பார் என்றுதான் சொல்கிறார்கள். ஃபிளாஞ்சர் இதைவிட மோசம். ஒரே பதிவை இரண்டு நாடா இயந்திரத்தில் சேர்ந்து ஓட விட்டு, ஒன்றின் சுருள் விளிம்பை விரலால் லேசாக அழுத்தினால் அது பின்தங்கும், அப்போது ஒரு சுழிக்கிற ஒலி வரும். அந்த விளிம்புக்கு ஆங்கிலத்தில் ஃபிளாஞ்ச். நாடாவும் போச்சு, விளிம்பும் போச்சு, பெயர் மட்டும் பெட்டிமேல் இருக்கிறது. இதைப் போய் விளிம்பி என்று தமிழில் எழுதினால் யாருக்கு என்ன புரியும்?

---

இயற்பியல் ஆசிரியை, திருச்சி — செவ்வாய் இரவு

மாடுலேஷனுக்குப் பண்பேற்றம் என்று பள்ளிப் புத்தகத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறது. ட்ரெமெலோ வீச்சுப் பண்பேற்றம், வைப்ராட்டோ அதிர்வெண் பண்பேற்றம். பிளஸ் டூ படித்தவர்களுக்குத் தெரிந்த சொற்கள்தான், புதிதாக எதுவும் வேண்டாம். ஃபேஸுக்குக் கட்டம். ஃபேஸர் கட்டமாற்றி.

ஐயா, கம்பிதம் வடமொழி வேர்தான். அங்கே கம்ப என்றாலே நடுங்குதல், கம்பி தேவையில்லை. பூகம்பத்தில் எந்தக் கம்பி?

---

யாழ்ப்பாணத்தவர், ரொறன்ரோ — புதன் காலை

உங்களுக்குக் கட்டம், நாங்கள் படித்தது அவத்தை. உங்களுக்கு அதிர்வெண், எங்களுக்கு மீடிறன். கிற்றார் பழகும் பிள்ளைகள் இங்கேயும் இருக்கிறார்கள், கையேட்டை அவர்களுக்கும் கொடுக்கலாம் என்று பார்த்தால் கட்டம் என்றதும் சாதகக் கட்டமா என்று அம்மம்மாவிடம் கேட்பார்கள். யாழ்நூல் எழுதிய விபுலானந்த அடிகள் கலைச்சொல் ஆக்கத்திலும் உழைத்தவர். இரு கரைக்கும் பொதுவாகச் சொல் வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்தது, இன்னும் நாங்கள் ஃபேஸில் நிற்கிறோம்.

---

ஒலிப்பொறியாளர், பல்லாவரம் — புதன் காலை

தமிழ்நாட்டிலேயே ஃபேஸுக்கு இன்னொரு சொல் இருக்கிறது, முனை. பம்ப்செட்டுக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரம் எந்த விவசாயிக்கும் தெரியும். அந்தக் கணக்கில் ஃபேஸர் முனைமாற்றி, கேட்டால் ஈபி சாமான் மாதிரி இருக்கிறது. விட்டுவிடலாம்.

---

தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம் — புதன் மதியம்

பூகம்பத்தை நான் மறக்கவில்லை அம்மா, அது தனிக் கட்டுரை.

ஃபேஸுக்கு மூலம் கிரேக்கம். தோற்றம் என்று பொருள், நிலவின் நிலைகளுக்கு ஆகி வந்தது. நிலவின் நிலைக்கு நம்மிடம் பிறை உண்டு. வளர்பிறை, தேய்பிறை. வாத்தியார் தம்பி சொல்லும் பள்ளம் மேலும் கீழும் போய்வருவதும் வளர்வதும் தேய்வதும்தானே? ஆகவே ஃபேஸர் பிறையொலி. கட்டமும் வேண்டாம், அவத்தையும் வேண்டாம்.

---

கிட்டார் வாத்தியார், கோவை — புதன் இரவு

பிறையொலி கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இன்று வகுப்பில் எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 என்ற ஃபேஸர் ஒன்றை வைத்துச் சோதித்தேன். ஆரஞ்சு நிறம், ஒரே ஒரு குமிழ், வேகம் மட்டும். உள்ளே ஃபேஸைத் திருப்பும் சுற்று நாலு படி, இரண்டு படிக்கு ஒன்றாக இரண்டு பள்ளம். வேகத்தை ஒன்பது மணி நிலையில் வைத்து ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) தட்டிவிட்டு, இந்தச் சத்தத்துக்கு என்ன பேர் வைப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு பெண் "வாயை ஆ-ஊ-ஆ என்று திறந்து மூடுகிற மாதிரி" என்றாள். இன்னொருத்தன் "தலை சுத்துது சார்" என்றான். பிறை என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் சொன்ன பிறகு எல்லோரும் தலையாட்டினார்கள். வாத்தியார் எது சொன்னாலும் ஆட்டுவார்கள்.

பண்பேற்றம் சரி, தலைப்பில் போட்டுக்கொள்கிறேன். ஆனால் அதிர்வெண் பண்பேற்றப் பெட்டி என்று எழுதினால் பையன் எஃப்எம் ரேடியோ வாங்கி வருவான். ட்ரெமெலோவுக்கு ஒலியசைவு, வைப்ராட்டோவுக்குச் சுருதியசைவு போட்டால் என்ன?

---

தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம் — புதன் இரவு

சுருதி என்பதற்குக் கேள்வி என்று பழைய வழக்கு உண்டு. அலகு என்றும் சொல்லலாம்.

---

ஒலிப்பொறியாளர், பல்லாவரம் — புதன் இரவு

கேள்வியசைவா? பரீட்சைத்தாள் நினைவுக்கு வருகிறது ஐயா. வேண்டாம்.

கோரஸுக்கு வருவோம், கையேட்டைப் படிக்கிற முக்கால்வாசிப் பேர் வாங்கப் போவது அதைத்தான். சேர்ந்திசை, குழுவிசை என்று யாரும் கிளம்ப வேண்டாம். சேர்ந்திசை என்றால் வானொலியில் இருபது பேர் வரிசையாக நின்று பாடுவது. இங்கே நடப்பது வேறு. கோயிலில் இரட்டை நாயனம் கேட்டிருப்பீர்கள். இரண்டு பேரும் ஒரே கீர்த்தனைதான், ஒரே சுருதிதான், ஆனாலும் ஒருவர் மூச்சு ஒரு மயிரிழை முன்னே, இன்னொருவர் ஒரு மயிரிழை பின்னே, சுருதியும் நூலளவு விலகிச் சேரும். அதனால்தான் ஒற்றை நாயனத்தைவிட அகலமாகக் கேட்கிறது. அந்த மயிரிழையைத்தான் இந்தப் பெட்டி செயற்கையாக உண்டாக்குகிறது. ரோலண்ட் கம்பெனி 1975இல் ஜேசி-120 ஆம்ப்ளிஃபயரில் வைத்த சுற்றை அடுத்த வருடமே பிரித்தெடுத்து பாஸ் சிஇ-1 என்று தனிப் பெட்டியாக விற்றார்கள், கோரஸ் பெடல் என்ற சாதியே அதிலிருந்துதான். தாமதம் கொடுக்கும் சில்லு வேலை செய்வதும் அழகு, தீப்பிடித்த இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றுவார்களே, அப்படி மின்னேற்றத்தை அறை அறையாகத் தள்ளிவிடும். அதற்கு அடுத்து வந்த சிஇ-2 பெடலில் இருந்த சில்லில் 1024 அறை.

என் ஓட்டு: இணையொலி.

---

இயற்பியல் ஆசிரியை, திருச்சி — வியாழன் காலை

இணையொலி நன்று. பேரலல் கோடுகளுக்கு இணைகோடுகள் என்கிறோம், ஆனால் குழப்பம் வராது.

அந்தத் தாமதத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதிக்கும் பெயர் வேண்டுமே. புத்தகத்தில் ஆசிலேட்டருக்கு அலையியற்றி. அப்படியானால் தாழ் அதிர்வெண் அலையியற்றி.

---

யாழ்ப்பாணத்தவர், ரொறன்ரோ — வியாழன் காலை

அதைச் சொல்லி முடிக்கப் பாட்டு முடிந்துவிடும். மெல்லூசல்?

---

தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம் — வியாழன் மதியம்

ஆகா. ஆனால் மென்மை + ஊசல் என்றால் மை கெட்டு, மெல் என நின்று, தனிக்குறில் முன் ஒற்று இரட்டி மெல்லூசல் ஆகும். புணர்ச்சி குற்றமில்லை, பொருள்தான் மென்மையான ஊசல் ஆகிவிடும். நமக்கு வேண்டியது மெதுவான ஊசல்.

---

யாழ்ப்பாணத்தவர், ரொறன்ரோ — வியாழன் மதியம்

மெல்லப் போ என்றால் மென்மையாகவா போகிறோம் ஐயா?

---

கிட்டார் வாத்தியார், கோவை — வியாழன் மாலை

மெல்லூசல் வைத்துக்கொள்கிறேன், இலக்கணச் சண்டையை அச்சுக்குப் பிறகு போடுங்கள். ஃபிளாஞ்சர்தான் பாக்கி. நாளை காலை பத்து மணி.

---

ஒலிப்பொறியாளர், பல்லாவரம் — வியாழன் இரவு

எங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் மீனம்பாக்கத்து விமானங்கள் இறங்கும். விமானம் தலைக்கு மேல் வரும்போது நின்றபடி கேளுங்கள், அப்படியே சட்டென்று குந்துங்கள். அதே இரைச்சல்தான், ஆனால் அதன் குரல் மட்டும் சர்ரென்று மேலே ஏறும். எழுந்தால் இறங்கும். ஃபிளாஞ்சர் அதுதான். நான் துணி எடுக்கப் போகிற சாக்கில் பலமுறை செய்து, பக்கத்து வீட்டுக்காரர் மூட்டு வலிக்கு உடற்பயிற்சியா என்று விசாரித்தார். சுழிப்பொலி என்று வைக்கலாம்.

---

இயற்பியல் ஆசிரியை, திருச்சி — வியாழன் இரவு

கணக்குப் போட்டுப் பார்த்தேன், அப்படியே பொருந்துகிறது. நேராக வரும் ஒலியும் தளத்தில் பட்டுத் திரும்பும் ஒலியும் கலக்கின்றன. காது தளத்திலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், போகவர 3 மீட்டர் கூடுதல், ஏறத்தாழ 9 மில்லிநொடி. குந்தினால் காது 60 சென்டிமீட்டரில், 3.5 மில்லிநொடி. வாத்தியார் சொன்ன 1 முதல் 10க்குள்தான் இரண்டும். வெட்டுப்படும் அதிர்வெண்கள் சீப்புப் பல் மாதிரி சம இடைவெளியில் விழும், தாமதம் குறையக் குறையப் பல் அகன்றுபோகும். ஃபேஸரின் பள்ளம் அப்படிச் சம இடைவெளியில் வராது, எண்ணிக்கையும் குறைவு. அதனால் சீப்பொலி என்பது இன்னும் துல்லியம்.

---

தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம் — வியாழன் இரவு

சீப்பொலியைத் தலைவாரும் ஓசை என்பார்கள். சுழி என்றால் தலையெழுத்து. யோசிக்கிறேன்.

---

கிட்டார் வாத்தியார், கோவை — வெள்ளி காலை

அச்சுக்குப் போய்விட்டது. பண்பேற்ற மிதிப்பெட்டிகள் என்று தலைப்பு. இணையொலி, சுழிப்பொலி, பிறையொலி, ஒலியசைவு, சுருதியசைவு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கோரஸ், ஃபிளாஞ்சர் என்று தமிழ் எழுத்திலேயே போட்டுவிட்டேன், கடையில் போய் இணையொலி கேட்டால் கடைக்காரர் எதை எடுப்பார்? பிறையொலிக்கு மூன்று பேர் ஆதரவு, கட்டமாற்றிக்கு ஒருவர், அவத்தைக்கு ஒருவர். குமிழ்களுக்கு வேகம், ஆழம் போதும். பின்னூட்டம் என்று ஃபீட்பேக்குக்கு, அதாவது ஃபிளாஞ்சரில் ஒலியைத் திரும்ப உள்ளே விடுவதற்கு, போட்டதில் எனக்கே திருப்தி இல்லை, வலைப்பதிவில் கருத்து எழுதச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

வாங்கும் முறை பற்றி எழுதியதையும் சொல்லிவிடுகிறேன்: திரிபு (டிஸ்டார்ஷன்) சேர்க்காமல் சுத்தமான ஒலியில் மெலடியும் ஆர்பெஜியோவும் (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டுவது) வாசிப்பவர் முதலில் இணையொலி வாங்கட்டும், திரிபு போட்டு ராக் வாசிப்பவர் பிறையொலி வாங்கி அதைத் திரிபுக்கு முன்னால் வைத்துப் பார்க்கட்டும், சுழிப்பொலி மூன்றாவதாக வாங்கினால் போதும், அதையும் குமிழ்களைக் கால்வாசிக்கு மேல் திருப்பாமல்.

---

இயற்பியல் ஆசிரியை, திருச்சி — வெள்ளி மதியம்

கட்டமாற்றிக்கு என் ஓட்டு அப்படியே இருக்கிறது, பதிவு செய்துகொள்ளுங்கள்.

---

தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம் — சனி காலை

அச்சானது ஆகட்டும். நேற்று மாலை நடைக்குப் போனபோது வாய்க்கால் மதகில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள், நல்ல இரைச்சல். எதிரே பழைய செங்கல் சுவர். பல்லாவரத்துத் தம்பி சொன்னது நினைவு வந்து, குந்த முழங்கால் இடம் தராததால் சுவரை நோக்கிக் காதைக் கொண்டுபோனேன். இரைச்சல் மெல்ல மெல்லக் கூர்மையாகி மேலே ஏறியது. பின்வாங்கினேன், இறங்கியது. ஏழெட்டு முறை செய்திருப்பேன். ஆடு மேய்க்கிற ஒரு பையனைக் கூப்பிட்டு அவனையும் கேட்கச் சொன்னேன், அவனுக்கும் கேட்டது. எழுபத்தாறு வயதுவரை இந்த மதகைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒருநாளும் காதில் விழவில்லை.

சுழிப்பொலி தவறு. மதகொலி.

---

இயற்பியல் ஆசிரியை, திருச்சி — சனி மதியம்

ஐயா, இதையேதான் டச்சு இயற்பியலாளர் ஹைகன்ஸ் 1693இல் எழுதினார். பிரான்சில் ஷாண்டிலி அரண்மனையில் நீரூற்றுக்கும் கல் படிக்கட்டுக்கும் நடுவே நின்றபோது, இரைச்சலுக்குள் ஒரு சுருதி கேட்டதாக.

---

தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம் — சனி மதியம்

அதற்கு அவர் என்ன பெயர் வைத்தார்?